சீமைக்குப் போன சொற்கள் – 9: குளத்தூர்க் காட்டுவழியில் பிறந்த ‘காலரி’

1752ஆம் ஆண்டு பிறந்தபோது திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் இருந்தவர்களுக்குப் பீரங்கிக் குண்டைவிட அரிசிதான் பெரிய கவலை. உள்ளே ஆர்க்காட்டு நவாப் பட்டத்துக்கு உரிமை கோரிய முகம்மது அலியும் அவருக்குத் துணைநின்ற ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கும்பினிப் படையும். வெளியே அதே பட்டத்துக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும். கோட்டைக்குத் தெற்கே, தொண்டைமான் சீமைக் காடுகளின் ஊடே வந்த தானியப் பொதிகள் நின்றுபோயிருந்தால் இந்தியாவில் ஆங்கிலேயர் கதை வேறு விதமாக முடிந்திருக்கலாம்.

அந்தக் காட்டுவழிகளில் பல குளத்தூர்ப் பகுதியைச் சேர்ந்தவை.

புதுக்கோட்டைக்கு வடக்கே, கீரனூர் பக்கம் இருக்கிறது குளத்தூர். முதல் தொண்டைமான் மன்னரான ரகுநாதராயத் தொண்டைமான் 1686இல் புதுக்கோட்டையில் ஆட்சியைத் தொடங்கினார். அவருடைய தம்பி நமனத் தொண்டைமான் குளத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு தனிப் பாளையம் அமைத்தார். அண்ணனுக்குத் தெற்கு, தம்பிக்கு வடக்கு என்று இரண்டு தலைமுறைக்கு மேல் அது நடந்தது. 1750 வாக்கில் குளத்தூர்ப் பாளையம் புதுக்கோட்டையோடு இணைந்தது. திருச்சிராப்பள்ளியின் எல்லைவரை தொண்டைமானின் நிலம் ஒரே கைக்கு வந்த மறு ஆண்டே முற்றுகை தொடங்கியது. பிற்காலத்தில் புதுக்கோட்டை சமஸ்தானத்தின் மூன்று தாலுகாக்களில் ஆலங்குடி, திருமயத்தோடு குளத்தூரும் ஒன்றானது.

சென்ற அத்தியாயத்தில் பாளையக்காரர் ‘பாலிகார்’ ஆன கதை சொல்லப்பட்டது. அந்தச் சொல் இன்றும் ஆங்கில வரலாற்று நூல்களில் பிழைத்திருக்கிறது. அதனுடனேயே கப்பலேறி, ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் ஆங்கில நூல்களில் உலவிவிட்டு, பிறகு சத்தமில்லாமல் உதிர்ந்துபோன சொல் ஒன்று உண்டு. அது ‘காலரி’. கள்ளர் என்ற சமூகப் பெயரை ஆங்கிலக் காது கேட்ட விதம் அது. பலரைச் சொல்லும்போது ‘காலரீஸ்’. பழைய பதிப்புகளில் சில இடங்களில் இன்னும் ஓர் எழுத்து கூடி, நிலக்கரிச் சுரங்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப் போலவே அச்சாகியிருக்கிறது. விவரம் தெரியாமல் படிக்கும் ஆங்கில வாசகர், திருச்சிராப்பள்ளிக் காட்டில் சுரங்கம் எங்கே வந்தது என்று திகைக்கத்தான் வேண்டும்.

இந்தச் சொல்லை ஆங்கில உலகம் முழுவதும் அறியச் செய்தவர் ராபர்ட் ஓர்ம். 1728இல் கேரளக் கடற்கரையில் உள்ள அஞ்சுதெங்கில் பிறந்தவர். கும்பினியில் வேலை பார்த்து, சென்னை ஆட்சிக் குழுவின் உறுப்பினராக உயர்ந்தவர். ராபர்ட் கிளைவின் நண்பர். இந்துஸ்தானத்தில் ஆங்கிலேயர் நடத்திய போர்களைப் பற்றிய அவருடைய வரலாற்றின் முதல் தொகுதி 1763இல் லண்டனில் வெளிவந்தது. கர்நாடகப் போர்களைப் பற்றி அதற்குப் பின் எழுதியவர்கள் பெரும்பாலும் அந்த நூலைத்தான் மூலமாக வைத்துக்கொண்டார்கள். 1840இல் கிளைவைப் பற்றிக் கட்டுரை எழுதிய மெக்காலே, ஓர்மின் நடையைப் பாராட்டிவிட்டு, அலுப்புத் தட்டும் அளவுக்கு விவரங்களை அடுக்குகிறார் என்று குறையும் சொன்னார். தாக்கரே 1855இல் முடித்த ‘தி நியூகம்ஸ்’ நாவலில் கர்னல் நியூகம் சிறுவயதில் ஆசையாகப் படித்த நூலும் ஓர்மின் வரலாறுதான். லண்டன் வீடுகளின் வாசிப்பு அறைக்குள் தொண்டைமானும் அவருடைய வீரர்களும் நுழைந்தது இப்படி.

மெக்காலேக்கு அலுப்பூட்டிய அந்த விவரங்களில்தான் நமக்கு வேண்டியது இருக்கிறது.

1752இல் தஞ்சை மன்னர் தம் தளபதி மானோஜியின் தலைமையில் 3,000 குதிரைப்படையினரையும் 2,000 காலாட்களையும் கோட்டைக்கு உதவியாக அனுப்பினார். தொண்டைமான் அனுப்பியவர்கள் 400 குதிரை வீரர்களும் 3,000 ‘காலரீஸ்’களும். அந்த இடத்தில் ஓர்ம் சற்றே நின்று, இவர்கள் யார் என்று தம் வாசகருக்கு விளக்குகிறார். திருச்சிராப்பள்ளிக்கும் குமரிமுனைக்கும் இடைப்பட்ட காடுகளில், சிறு தலைவர்கள் பலரின் கீழ் வாழ்பவர்கள் என்கிறார். அவர்கள் பெயருக்கு அவர்கள் மொழியில் திருடர் என்று பொருள் என்றும், அந்தப் பெயர் பொருத்தமானதே என்றும் தீர்ப்பும் சொல்லிவிடுகிறார். துணைக்கு வந்த படையைத் தம் வாசகருக்கு அறிமுகம் செய்யும் அதே மூச்சில் வசையும் வந்துவிட்டது.

அவர்கள் போர்முறையையும் ஓர்ம் எழுதினார். கையில் 18 அடி நீள ஈட்டி. அதைத் தாங்கிக்கொண்டே தரையோடு தரையாக ஊர்ந்து வருவார்கள். மறைந்திருந்து தாக்குவதில் கைதேர்ந்தவர்கள். ஆனால் ஒரு படைக்கு அவர்கள் செய்யும் முதன்மையான உதவி, எதிரியின் பாசறைக்குள் புகுந்து குதிரைகளைக் களவாடுவதும் கொல்வதும்தான் என்பது ஓர்மின் கணிப்பு. அந்தக் காலப் போரில் குதிரை போனால் படையின் காலே போன மாதிரி. மைசூர், மராட்டியக் குதிரைப்படைகள் சுற்றிச் சுழன்றுகொண்டிருந்த திருச்சிராப்பள்ளிச் சமவெளியில் இந்தத் திறமைக்கு இருந்த மதிப்பை ஆங்கிலத் தளபதிகள் நன்றாகவே உணர்ந்திருந்தார்கள். தமிழ் மரபுக்கும் இது புதிதல்ல. பகைவரின் ஆநிரையைக் கவர்ந்து போரைத் தொடங்குவதற்கு வெட்சித் திணை என்று இலக்கணமே வகுத்த மொழி இது.

சிக்கல், அதே திறமை ஆங்கிலேயர் பாசறைக்குள் நுழைந்தபோது வந்தது. கும்பினிப் படைத் தலைவர் மேஜர் லாரன்ஸ், கேப்டன் கிளைவ் ஆகியோரின் குதிரைகள் வெவ்வேறு சமயங்களில் திருச்சிராப்பள்ளியில் காணாமல் போயின. அண்ணன் தம்பி இருவர் பிடிபட்டார்கள். தூக்கு என்று முடிவானது. அவர்கள் மறுக்கவில்லை. இருவரையும் மன்னிப்பதாக இருந்தால், ஒருவன் சிறையில் இருக்க, மற்றவன் போய் இரண்டு நாளில் குதிரைகளைக் கொண்டுவருவான் என்றார்கள். லாரன்ஸ் ஒப்புக்கொண்டார். போனவன் திரும்பவில்லை.

கெடு தாண்டியதும் உள்ளே இருந்தவனை அழைத்து, நாளை மாலைக்குள் குதிரைகள் வராவிட்டால் சாகத் தயாராக இரு என்றார் லாரன்ஸ். அவன் பதறவே இல்லை. எங்கள் குடும்பம் முழுவதும் வாழ்ந்துகொள்ளப் போதுமான சொத்து அந்தக் குதிரைகள். அவற்றைத் திருப்பித் தருவோம் என்று நீங்கள் நம்பியதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது என்றான். ஒரு வேளைச் சோற்றுக்காகவே பலமுறை பணயம் வைத்த உயிர் இது. இதைக் கொடுத்து அவ்வளவு பெரிய சொத்தைக் காப்பாற்றுவது நட்டமில்லை என்பது அவன் கணக்கு. கூடியிருந்தவர்களுக்குச் சிரிப்பும் வந்தது, இரக்கமும் வந்தது. கிளைவ் அவனுக்காகப் பரிந்து பேசினார். தண்டனை எதுவும் இல்லாமல் அவனை விட்டுவிட்டார்கள். தம் வரலாற்றில் ஓர்ம் இதைப் பதிந்திருக்கிறார். அந்தச் சகோதரர்களின் பெயரை மட்டும் அவர் எழுதவில்லை.

முற்றுகை இழுத்துக்கொண்டே போனது. 1752 ஜூனில் சந்தா சாகிப் கொல்லப்பட்ட பிறகும் ஓயவில்லை. திருச்சிராப்பள்ளியைத் தமக்குத் தருவதாகச் சொல்லி முகம்மது அலி ஏமாற்றிவிட்டார் என்று மைசூர்த் தளபதி நஞ்சராஜர் பிரெஞ்சுக்காரர் பக்கம் சாய்ந்தார். தஞ்சை வழி அடைபடும் போதெல்லாம் தொண்டைமான் சீமைதான் கோட்டைக்குக் களஞ்சியம். ஓர்ம் ‘கில்லனூர்’ என்று எழுதும் காட்டு ஊரில் தானியம் சேர்த்துவைத்து, காவலோடு கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். அது குளத்தூர் தாலுகாவில் உள்ள கிள்ளனூர். இந்தக் களஞ்சியத்தை ஒழிக்க 1754இல் பிரெஞ்சுப் படை தொண்டைமான் சீமைக்குள் புகுந்து ஊர்களைக் கொளுத்தியது. மக்கள் மாடுகன்றுகளை ஓட்டிக்கொண்டு முன்னதாகவே காட்டுக்குள் ஒதுங்கிவிட்டார்கள். ஆங்கில நூல்களில் ‘தொண்டைமானின் காடு’ என்று திரும்பத் திரும்ப வருவது, காப்பாற்றிய காடாகத்தான் வருகிறது. அதில் வாழ்ந்தவர்களின் பெயர்மட்டும் திருடர் என்ற விளக்கத்தைச் சுமந்துகொண்டே திரிந்தது.

அடுத்த ஆண்டே இதே சொல் எதிரியின் பெயரானது. 1755இல் கர்னல் ஹெரான் மதுரைப் பக்கம் படையெடுத்துப் போனபோது, அவருடைய ஆட்கள் ஒரு கோயிலிலிருந்து செப்புத் திருமேனிகளை அள்ளிக்கொண்டு வந்தார்கள். மே மாதக் கடைசியில், திரும்பும் வழியில் நத்தம் கணவாயின் குறுகலான பாதையில் அந்தப் பகுதிக் கள்ளர்கள் பாய்ந்தார்கள். ‘சாமி, சாமி’ என்று ஒருவரையொருவர் கூவி அழைத்தபடியே வண்டிகளில் இருந்த திருமேனிகளை மீட்டார்கள். அந்தக் கூவலையும் ஓர்ம் ஒலி மாறாமல் ஆங்கில எழுத்தில் பதிந்தார். திருச்சிராப்பள்ளியில் உதவியவர்கள், நத்தத்தில் தாக்கியவர்கள் என இரு தரப்பையும் அவர் அழைத்தது ஒரே பெயரால். தொண்டைமானுக்குக் கட்டுப்பட்டவர்கள் யார், நத்தம் மலையடிவாரத்தில் தன்னாட்சியாய் இருந்தவர்கள் யார், எந்த நாடு, எந்தக் கிளை என்ற வேறுபாடெல்லாம் அந்தப் பெயருக்குள் கரைந்துபோயிற்று.

இந்தச் சொல்லின் இரண்டாம் வாழ்க்கை ஓர் ஆயுதத்தின் பெயரில் தொடங்கியது. ‘காலரி ஸ்டிக்’ என்றால் நம் வளரி.

கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் தம் இராணுவ நினைவுகளை 1830இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். 1795இல் இளம் அதிகாரியாக மதுரையில் இருந்தபோது சிவகங்கையின் சின்ன மருதுவோடு பழகியவர் அவர். தமக்கு முதன்முதலில் ஈட்டி எறியவும் ‘காலரி ஸ்டிக்’ வீசவும் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று நன்றியோடு எழுதுகிறார். கைதேர்ந்தவர் வீசினால் 100 கெசத்துக்குள் குறி தப்பாது என்பதும், வேறெங்கும் அவ்வளவாக அறியப்படாத ஆயுதம் என்பதும் அவர் குறிப்பு. ஆறே ஆண்டுகளில் ஆசானும் மாணவரும் எதிரெதிர் அணியில் நின்றார்கள். மருது சகோதரர்களுக்கு எதிரான 1801 போரில் வெல்ஷ் கும்பினிப் படையில் இருந்தார்; புதுக்கோட்டைத் தொண்டைமானும் கும்பினி பக்கம். அந்த ஆண்டு அக்டோபர் 24இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். முப்பது ஆண்டு கழித்துத் தம் புத்தகத்தை எழுதியபோதும் சின்ன மருதுவைப் பற்றிய வெல்ஷின் வரிகளில் மரியாதை குறையவில்லை. ‘காலரி’ என்ற சொல் ஆங்கிலத்தில் இழிவில்லாமல் வரும் அபூர்வமான இடம் அது.

1801 டிசம்பர் 1இல் சென்னை ஆளுநர் ஓர் அறிக்கை வெளியிட்டார். தென்பாளையங்களில் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், கோட்டைகள் இடிக்கப்படும் என்றது அது. அதில் கையெழுத்திட்டவர் எட்வர்ட் கிளைவ். குதிரை திருடியவனுக்காகப் பரிந்து பேசிய ராபர்ட் கிளைவின் மகன்.

மூன்றாவது வாழ்க்கை வேடிக்கையானது. அரைவட்டமாக வளைந்து, ஒன்றோடொன்று செருகிய மூன்று பித்தளைத் துண்டுகளாலான நம் கொம்பை ஆங்கிலேயர் ‘காலரி ஹார்ன்’ என்று அழைத்தார்கள். 1832இல் வெளிவந்த, தென்னிந்திய முஸ்லிம் வழக்கங்களைப் பற்றிய ‘கானூனே இஸ்லாம்’ நூலில் ஹெர்க்லாட்ஸ் இந்தப் பெயரைத் தருகிறார். கோயில் விழாவுக்கும் கொம்பு உண்டு, சாவுக்கும் உண்டு. ஆனால் கண்டோன்மென்ட் பங்களாவில் படுத்திருந்த ஆங்கிலேயருக்குப் பெரிதும் நினைவில் நின்றது, பிண ஊர்வலத்தோடு போகும் கொம்பொலிதான். 1817க்குப் பிறகு காலரா அலையலையாகப் பரவிய காலம் அது. சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோவே 1827இல் அந்த நோய்க்குப் பலியானார். மூலச்சொல் மறந்துபோன நிலையில் ‘காலரி ஹார்ன்’ மெல்ல ‘காலரா ஹார்ன்’ ஆயிற்று. 1879இல் ‘மெட்ராஸ் மெயில்’ நாளேடு, முகாமில் விடியற்காலையில் ஆட்களை எழுப்பக் ‘காலரா கொம்பு’க்காரர்களை ஊதவிட்ட செய்தியை அச்சிட்டிருக்கிறது. எழுதியவருக்கு அதில் விந்தையாக எதுவும் தோன்றியதாகத் தெரியவில்லை.

இந்தச் சிதைவையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்தது ‘ஹாப்சன்–ஜாப்சன்’. ஹென்றி யூலும் ஆர்தர் பர்னெல்லும் தொகுத்த அந்த ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியம் 1886இல் வெளிவந்தது. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். சரசுவதி மகால் சுவடிகளுக்குப் பட்டியல் தந்தவர். புத்தகம் வெளிவருவதற்கு நான்கு ஆண்டு முன்பே, 1882இல் இறந்துவிட்டார். அதில் ‘காலரி’, ‘காலரி ஹார்ன்’, ‘காலரி ஸ்டிக்’ என்று மூன்று தனித்தனிப் பதிவுகள். ஒவ்வொன்றின் கீழும் யார், எந்த ஆண்டில் அப்படி எழுதினார்கள் என்ற மேற்கோள்கள். ஓர்மும் வெல்ஷும் ஹெர்க்லாட்ஸும் அங்கே வரிசையாக நிற்கிறார்கள். காலரா என்ற திரிபைப் பைத்தியக்காரத்தனம் என்ற தொனியில் ஆசிரியர்கள் கடிந்துகொள்கிறார்கள். ஆனால் சொல்லுக்குத் தந்த பொருள் ஓர்ம் 1763இல் தந்ததுதான். 1903இல் வில்லியம் குரூக் திருத்திய இரண்டாம் பதிப்பிலும் அதுவே நீடித்தது.

1909இல் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டபோது, வளரியைப் பற்றிப் புதுக்கோட்டைத் திவான் எழுதி அனுப்பிய குறிப்பையும் சேர்த்தார். கடினமான மரத்தில், சில சமயம் இரும்பில், பிறை வடிவில் செய்வது. ஒரு முனை கனம் கூடியது. வெளி விளிம்பு கூர். மெலிந்த முனையைப் பிடித்து, தோளுக்கு மேல் சில சுற்றுச் சுழற்றி வீச வேண்டும். முயலும் காட்டுக்கோழியும் அடிக்க எப்போதாவது எடுப்பதோடு சரி, வல்லவர்கள் எவரும் இப்போது சமஸ்தானத்தில் இல்லை என்றார் திவான். வீடுகளில் பூஜையறையில் இருப்பதை ஆயுதபூஜை அன்று துலக்கி வைத்துவிட்டுத் திரும்ப அதே இடத்தில் சேர்த்துவிடுகிறார்கள் என்றும் எழுதினார். சிவகங்கைப் பக்கம் கலியாணத்தில் மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் வளரியை மாற்றிக்கொள்ளும் வழக்கமும் அந்த நூலில் உண்டு. தஞ்சை ஆயுதசாலையிலிருந்து வந்த தந்த வளரிகளைச் சென்னை அருங்காட்சியகத்தில் வைத்திருந்தவரும் அதன் தலைவரான தர்ஸ்டன்தான். ஆனால் அவர் அந்த ஆயுதத்துக்கு இட்ட ஆங்கிலப் பெயர் ‘பூமராங்’. சிட்னிப் பகுதிப் பழங்குடிகளின் தாருக் மொழியிலிருந்து 1820களில் ஆங்கிலத்துக்கு வந்த சொல் அது. எறிந்தவரிடமே திரும்பிவரும் ஆஸ்திரேலிய வகையைத்தான் உலகம் அந்தப் பெயரால் நினைக்கிறது; வளரி பெரும்பாலும் இலக்கோடு நின்றுவிடுவது. பொருத்தமில்லாவிட்டாலும் புதுச்சொல்தான் வென்றது. ‘காலரி ஸ்டிக்’ வழக்கொழிந்தது.

சொல் மறைந்தாலும் ஓர்ம் ஒட்டிவைத்த பொருள் மறையவில்லை. போர்க்காலத்தில் ஒரு வரலாற்றாசிரியர் எழுதிய அடைமொழி, சட்டப் புத்தகத்தில் வேறு பெயரில் வந்தது. 1911ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிச் சட்டத்தைச் சென்னை மாகாண அரசு 1914 முதல் மதுரைப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர்கள்மேல் ஏவியது. கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3இல் துப்பாக்கிச் சூடு நடந்தது, மக்கள் பலியானார்கள். அங்கிருந்து வடகிழக்கே புதுக்கோட்டையில், ஓர்ம் அதே பெயரால் அழைத்த மக்களிடையே தோன்றிய தொண்டைமான் அரச மரபு, பிரிட்டிஷாரின் பழைய நட்பரசு என்ற மதிப்போடு ஆண்டுகொண்டிருந்தது. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல்தான் நீங்கியது.

தமிழில் மறுமொழி 1923இல் வந்தது. நடுக்காவேரி ந.மு. வேங்கடசாமி நாட்டார் அப்போது திருச்சிராப்பள்ளியில் கல்லூரித் தமிழாசிரியர். இலக்கியம், கல்வெட்டு, வழங்கிவரும் பட்டப்பெயர்கள் ஆகியவற்றைத் திரட்டி அவர் எழுதிய ‘கள்ளர் சரித்திரம்’, பெயருக்கு ஆங்கிலேயர் தந்த ஒற்றை விளக்கத்தை ஏற்க மறுத்து, சான்றுகளோடு வாதாடியது. பதினைந்து ஆண்டு கழித்து, 1938இல், கே.ஆர். வேங்கடராம ஐயரின் புதுக்கோட்டை சமஸ்தான மேனுவலின் முதல் தொகுதி வெளிவந்தது. அந்த மேனுவலில் குளத்தூரும் கிள்ளனூரும் தத்தம் சொந்தப் பெயரோடு, சொந்த வரலாற்றோடு இடம்பெற்றன. 1987இல் நிக்கலஸ் டர்க்ஸ் புதுக்கோட்டை அரசைப் பற்றி எழுதிய ‘தி ஹாலோ கிரவுன்’ ஆய்விலும் ஆங்கில எழுத்தில் நிற்பது ‘கள்ளர்’தான்.

‘காலரி’யோடு சேர்ந்து ஹாப்சன்–ஜாப்சனில் இடம்பிடித்த இன்னொரு தென்னாட்டுப் பெயர் ‘பாலிகார் டாக்’. பாளையக்காரர் நாய் என்று பொருள். உருவில் பெரியது, வலியது, உடலில் முடியே கிடையாது என்று அந்தக் காலக் கலைக்களஞ்சியம் ஒன்று அதை விவரித்தது. அது எந்த நாய், எந்தப் பாளையத்தில் வளர்ந்தது என்பது அடுத்த அத்தியாயத்தில்.

(தொடரும்)